மரபணு கெட்டால் பரம்பரை நோயா? கல்லீரல் புற்றுநோயும் செல் பிரியும் ஜீன்களும்

(எபிசோடில் பேசியதை வாசிக்கத் தோதாகக் கொஞ்சம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். பேச்சு வழக்கை முழுசா மாத்தலை.)



போன மாசம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. எங்க ஊர்த் தம்பி, கலசப்பாக்கம். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். வீட்டில் பட்டுத்தறி. அப்பா ஆரணிக்குச் சேலை நெய்து கொடுக்கிறவர். மெசேஜை அப்படியே சொல்றேன்.

"அண்ணா, அப்பாவுக்கு கல்லீரல்ல கட்டி, கேன்சர்னு சொல்லிட்டாங்க. செல்லு பிரியுறதைக் கட்டுப்படுத்துற மரபணு மாறிடுச்சு, அதனாலதான் கட்டி வளருதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுலேர்ந்து வீட்ல ஒரே பேச்சு. மரபணுன்னா பரம்பரையா வர்றதுதானேன்னு. எங்க ஆயாவும் வயிறு வீங்கித்தான் செத்தாங்க. தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்றது? எனக்கும் வருமாண்ணா?"

நான் டாக்டர் இல்லை. கம்பெனியில் கோட் எழுதுறவன். ஆனா இந்தக் கேள்வியை விட முடியலை. மூணு வாரம் உட்கார்ந்து படிச்சேன். படிச்ச பிறகு எனக்குத் தோணினது, இந்தக் குழப்பத்தில் பாதி நம்ம மொழியிலிருந்தே வருது. 'மரபணு' என்ற சொல்லிலேயே 'மரபு' உட்கார்ந்திருக்கு. அதனால் மரபணுவில் கோளாறுன்னு கேட்டதும் தாத்தா, பாட்டி, வம்சம்னு மனசு ஓடிடுது. கல்லீரல் புற்றுநோயில் பெரும்பாலும் நடப்பது அது இல்லை. அப்பாவின் கல்லீரலில் மாறின ஜீன், அப்பாவின் கல்லீரலில்தான் மாறியிருக்கு. அவர் பிறக்கும்போது அது நல்லாத்தான் இருந்தது.

இந்த எபிசோடில் நான் ஜீன்னே சொல்றேன். குழப்பம் குறையும்.

அட்டை எங்கே கிழிந்தது?

தறி பார்த்தவங்களுக்கு இது சுலபம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அட்டையாக நகரும். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அன்னமோ மாங்காயோ, சேலையில் எது விழணும் என்பது முழுக்க அந்த அட்டையில்தான் இருக்கு. நான் காலேஜில் முதல் வருஷம் புரோகிராமிங் படிக்கும்போது, இதை நாம சின்ன வயசிலேயே பார்த்திருக்கோமேன்னு நினைச்சேன்.

இப்போ, சேலையில் தப்பு விழ ரெண்டு வழி. ஒண்ணு, டிசைன் குத்தும்போதே தப்பாகக் குத்திட்டாங்க. அந்த செட்டைப் பார்த்து நகல் எடுத்த எல்லாத் தறியிலும் அன்னத்துக்கு அலகு இருக்காது. ரெண்டாவது, அட்டை நல்லாத்தான் வந்தது, ஆனா ஒரு தறியில் மட்டும் ஈரத்தில் ஊறி, எலி கடிச்சு, ஒரு அட்டை கிழிஞ்சுபோச்சு. அந்தத் தறியில் மட்டும் தப்பு விழும். பக்கத்து வீட்டுத் தறிக்கு ஒண்ணும் ஆகாது.

பரம்பரை நோய் என்பது முதல் வகை. கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் இரண்டாம் வகை. பிள்ளைக்குப் போகிற அட்டைகள் விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருப்பவை மட்டும்தான். கல்லீரல் செல்லில் கிழிந்த அட்டை கல்லீரலைத் தாண்டிப் போகாது. விதிவிலக்கு உண்டு. உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போகிற ஹீமோகுரோமடோசிஸ் மாதிரி சில பரம்பரை நோய்கள் கல்லீரலைக் கெடுத்து, அதன் வழியே புற்றுநோய்க்குக் கொண்டுபோகலாம். நம்ம பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது காரணம் இல்லை.

அப்போ அட்டையைக் கிழிச்ச எலி எது? அதுக்குப் போறதுக்கு முன்னாடி, எந்த அட்டை கிழிஞ்சா கட்டி வருதுன்னு பார்க்கணும்.

தூங்கும் உறுப்பு

தோலிலும் குடலிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். கல்லீரல் அப்படி இல்லை. நல்ல நிலையில் இருக்கும் கல்லீரலில் பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மா தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனா வெட்டினால் எழுந்துவிடும். 1931-ல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள் பழைய எடைக்கு வளர்ந்துவிட்டது. கல்லீரல் தானம் கொடுப்பவர்கள் பிழைத்து நடமாடுவது இந்தக் குணத்தால்தான்.

எல்லாரும் 'வளருதே' என்று ஆச்சரியப்படுறாங்க. எனக்கு ஆச்சரியம் அது நிற்பதில்தான். கோடிக்கணக்கான செல்கள் ஒரே சமயத்தில் பிரிய ஆரம்பிச்சு, சரியான அளவு வந்ததும் எல்லாம் நின்னுடுது. அப்படின்னா செல்லுக்குள்ளே முடுக்குவதற்கும் ஆள் இருக்கு, பிரேக் பிடிப்பதற்கும் ஆள் இருக்கு. அந்த ஆட்கள்தான் செல் பிரிவு ஜீன்கள்.

முடுக்குகிறவரைக் கண்டுபிடிச்ச கதை அழகானது. 1982 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் டிம் ஹண்ட் என்ற ஆங்கிலேயர் கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். முட்டை கருவுற்றதும் புதுசா உருவாகிற புரதங்களைக் கவனித்தார். எல்லாப் புரதமும் சேர்ந்துகொண்டே போனது. ஒன்று மட்டும் சேர்ந்து சேர்ந்து, செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் காணாமல் போனது. மறுபடி சேர்ந்தது, மறுபடி காணாமல் போனது. அதற்கு சைக்ளின் என்று பேர் வைத்தார். 2001-ல் லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

சைக்ளின் தனியாக ஒன்றும் செய்யாது. சிடிகே என்ற நொதியோடு ஜோடி சேரும்போதுதான் 'பிரி' என்ற கட்டளை போகும். சைக்ளினில் டி, இ, ஏ, பி என்று வகைகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் வந்து, வேலை முடிந்ததும் அழிக்கப்படும். இந்த அழிவு முக்கியம். சைக்ளினிலேயே 'வேலை முடிஞ்சதும் என்னை அழிச்சுடு' என்று ஒரு குறிச்சீட்டு ஒட்டியிருக்கும். இந்தச் சீட்டை மறக்காதீங்க, பின்னாடி வரும்.

பிரேக் பக்கம் ஆர்பி, பி53 என்று ரெண்டு பெரிய ஆட்கள். ஆர்பி வாசலை மூடிக்கொண்டு நிற்பவர். சைக்ளின் டி வந்து அவரை நகர்த்தினால்தான் டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும். பி53 வேற ரகம். டிஎன்ஏவில் அடிபட்டிருக்கா என்று பார்த்து, பட்டிருந்தால் பி21 என்ற இன்னொரு ஆளை அனுப்பி சிடிகே-யை நிறுத்துவார். சரிபண்ண முடியாத அளவு சேதம்னா செல்லைச் சாகச் சொல்லுவார். எங்க ஆபீஸ் பாஷையில், டெஸ்ட் பாஸ் ஆகாத கோடை ரிலீஸ் ஆகவிடாத ஆள். எல்லாருக்கும் அவர் மேல் கோபம், ஆனா அவர் லீவு போட்ட அன்னிக்குத்தான் சர்வர் விழும்.

மூணாவதா ஒரு கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். இந்த நுனியைத் திரும்ப நீட்டுகிற நொதிக்கான ஜீன் டெர்ட். வளர்ந்த மனிதரின் கல்லீரல் செல்லில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கட்டியில் அதை மறுபடி போட்டுவிடுகிறார்கள். 2017-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கல்லீரல் கட்டிகளில் 44 சதவீதத்தில் டெர்ட் ஜீனின் சுவிட்சில் மாற்றம் இருந்தது. பி53 ஜீனில் 31 சதவீதம். ஒரே கட்டியில் இப்படிப் பல மாற்றங்கள் சேர்ந்திருக்கும். ஒரு அட்டை கிழிஞ்சா மட்டும் புற்றுநோய் வந்துவிடாது. வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கிழியணும்.

எலி நம்பர் ஒன்: ஒரு வைரஸ்

தூங்கும் உறுப்பைத் தினமும் தட்டி எழுப்பினால் என்ன ஆகும்? ஹெபடைடிஸ் பி வைரஸ் செய்வது அதுதான். வைரஸ் கல்லீரல் செல்லில் குடியிருக்கும். நம்ம எதிர்ப்பு சக்தி அந்தச் செல்லைக் கொல்லும். செத்த இடத்தை நிரப்பப் பக்கத்துச் செல் பிரியும். அதிலும் வைரஸ். அதுவும் சாகும். இருபது, முப்பது, நாற்பது வருஷம் இதே வேலை. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏ முழுக்க நகலெடுக்கணும். நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் எழுத்துப்பிழைக்கு வாய்ப்பு. சும்மா இருந்த தறியை ராப்பகலாக ஓட்டினால் அட்டை தேயாமல் என்ன செய்யும்?

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இந்த வைரஸ் தன் டிஎன்ஏ துண்டை நம்ம குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடும். எங்கே செருகும்னு கணக்கில்லை. பெரும்பாலும் ஒன்றுமில்லாத இடத்தில் போய் விழும். சில சமயம் விழக்கூடாத இடத்தில் விழும்.

1990-ல் பாரிஸில் கிறிஸ்டியன் பிரெஷோவின் குழு, ஒரு நோயாளியின் ஆரம்பநிலைக் கல்லீரல் கட்டியை எடுத்து, வைரஸ் எங்கே செருகியிருக்கிறது என்று தேடியது. அது ஒரு ஜீனின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அந்த ஜீன் மனிதரில் அதுவரை யாரும் அடையாளம் கண்டிராதது. கடல் சிப்பியில் தெரிந்திருந்த சைக்ளின் ஏ-யோடு ஒப்பிட்டால் பொருந்தியது. அதாவது, மனித சைக்ளின் ஏ ஜீனையே அந்த வைரஸ்தான் நமக்குக் காட்டிக்கொடுத்தது. நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

பிறகு நடந்த ஆய்வில் இன்னும் சுவாரசியமான விஷயம். அந்தக் கட்டியில் சைக்ளின் ஏ-யின் முன்பகுதி போய், அங்கே வைரஸின் புரதத் துண்டு ஒட்டியிருந்தது. போன முன்பகுதியில் என்ன இருந்தது? அந்தக் குறிச்சீட்டு. 'என்னை அழிச்சுடு' சீட்டு. சீட்டு இல்லாததால் சைக்ளின் அழியவில்லை. 'பிரி' என்ற கட்டளை நிற்கவே இல்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு முதுகு சில்லிட்டது. ஒரே இடத்தில் வெட்டு, அதுவும் கண்மூடித்தனமான வெட்டு, சரியாக பிரேக் ஒயர் மேல் விழுந்திருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். எல்லா நோயாளிகளுக்கும் சைக்ளின் ஏ-யில் செருகுவதில்லை. 2012-ல் 80-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை முழுதாகப் படித்துப் பார்த்த ஆய்வில், வைரஸ் திரும்பத் திரும்ப செருகியிருந்த இடங்களில் முக்கியமானவை மூன்று. அதில் ஒன்று நம்ம கணக்குப்பிள்ளை டெர்ட். இன்னொன்று சைக்ளின் இ. கண்மூடித்தனமாகச் செருகினாலும், பிரிவை முடுக்குகிற இடத்தில் செருகின செல்தான் வளர்ந்து கட்டியாகிறது, மற்றவை நம் கண்ணில் படுவதில்லை.

இந்த வைரஸ் எவ்வளவு பெரிய காரணம்? தைவானில் பீஸ்லி என்ற மருத்துவர் 22,707 ஆண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தார். 1981-ல் வெளியிட்ட கணக்கின்படி, வைரஸ் உடம்பில் தங்கியிருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு. அச்சுப்பிழையோன்னு நினைச்சு ரெண்டு தடவை பார்த்தேன், 223தான். இந்தியாவில் இந்த வைரஸோடு வாழ்பவர்கள் சுமார் 3 கோடிப் பேர். பெரும்பாலோருக்கு அது தெரியாது, ஏன்னா வலிக்காது.

இப்போ தம்பியின் ஆயா விஷயத்துக்கு வர்றேன். வைரஸ் ரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், முக்கியமாகப் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குத்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். அதனால் ஒரு அம்மாவுக்கு இருந்தால் நாலு பிள்ளைகளுக்கும் வரலாம். நாற்பது வருஷம் கழித்து அதில் ரெண்டு பேருக்குக் கட்டி வரும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாகப் பரம்பரை நோய் மாதிரியே இருக்கும். குடும்பத்தில் ஓடியது ஜீன் இல்லை, வைரஸ். இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை வித்தியாசம் இல்லை. பரம்பரை ஜீனுக்கு ஊசி போட முடியாது, வைரஸுக்குப் போட முடியும்.

எலி நம்பர் டூ: மல்லாட்டை மேல் பூஞ்சை

எங்க பக்கத்தில் நிலக்கடலைன்னு சொல்ல மாட்டோம், மல்லாட்டை. கலசப்பாக்கம், போளூர் பக்கம் வந்தீங்கன்னா பர்வதமலை பின்னாடி தெரிய, ரோட்டோரமே காயப்போட்டிருப்பாங்க. பிடுங்கின சமயத்தில் மழை வந்தால் வீட்டில் எல்லார் முகமும் வாடிடும். விலை போயிடுமேன்னு. விலையோடு போற விஷயம் இல்லை அது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் திடீரென்று செத்தன. கடைசியில் தீவனத்தில் இருந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் குற்றவாளி கிடைத்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை சுரக்கும் விஷம், பேர் அஃப்ளடாக்சின். நம்ம நாட்டில் 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டப் பழங்குடி கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலை கண்டு இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்தான் காரணம் அஃப்ளடாக்சின் என்று காட்டியது.

அது ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் நடப்பது. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் வேறு மாதிரி. கல்லீரல் அந்த விஷத்தைச் செரிக்கப் பார்க்கும்போது அது இன்னும் மோசமான பொருளாக மாறி டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. 1991-ல் சீனாவின் சிடாங்கிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் எடுத்த கட்டிகளை இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஆராய்ந்தன. இருவருக்கும் கிடைத்தது ஒரே விஷயம். பி53 ஜீனின் 249-வது இடத்தில், ஒரே ஒரு எழுத்து, 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. டெஸ்ட் பாஸ் ஆகாததை நிறுத்துகிற ஆள்னு சொன்னேனே, அவருடைய வேலையைக் கெடுப்பதற்கு அந்த ஒரு எழுத்து போதும். கைரேகை மாதிரி, கட்டியில் அந்த எழுத்தைப் பார்த்தாலே அஃப்ளடாக்சின் வந்து போயிருக்குன்னு சந்தேகப்படலாம்.

ரெண்டு எலியும் சேர்ந்தால்? ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், அஃப்ளடாக்சின் மட்டும் உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு, வைரஸ் மட்டும்னா 7 மடங்கு, ரெண்டும்னா சுமார் 60 மடங்கு. மூணும் ஏழும் கூட்டினா பத்து, பெருக்கினாக்கூட இருபத்தொண்ணு. ஒரு பக்கம் வைரஸ் செல்லைப் பிரியப் பிரியத் தூண்டுது, இன்னொரு பக்கம் பிரேக்கைப் பூஞ்சை உடைக்குது. கணக்கு எப்படி ஒத்துப்போகும்?

பயந்துபோய் மல்லாட்டையை விட்டுடாதீங்க, நானே தினமும் சாப்பிடுறேன். பூஞ்சை பிடிச்சது, நிறம் மாறினது, சுருங்கினது, கசக்கிறது, இதையெல்லாம் தூக்கிப் போடுங்க. 'வறுத்தா சரியாயிடும்' என்பது தப்பு, வறுத்தாலும் இந்த விஷம் முழுசா போகாது. கெட்டதை மாட்டுக்குப் போட்டா கணக்கு தீர்ந்துடும்னு நினைக்கிறதும் தப்பு, பாலில் திரும்பி வரும்.

எலிகளில் சாராயமும் உண்டு, கொழுப்பும் உண்டு. எங்க கம்பெனி ஹெல்த் செக்கப்பில் எனக்கே 'கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்' வந்திருக்கு. அதுவும் செல்லைக் கொன்று, பிரியவைத்து, அதே பாதையில்தான் போகும். அது தனி எபிசோட். நான் கொஞ்சம் எடை குறைச்ச பிறகு பேசுறேன்.

கீழாநெல்லி

இதைப் பேசாம போனா எங்க ஊரில் என்னை விடமாட்டாங்க. காமாலைன்னா விடியற்காலையில் கீழாநெல்லியை அரைச்சு மோரில் கலக்கிக் குடிப்பது நம்ம வழக்கம். இதைச் சும்மா நாட்டு வைத்தியம்னு தள்ளிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்தது. கூட இருந்தவர் யார் தெரியுமா? ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பாருக் பிளம்பெர்க். 1988-ல் லான்செட்டில் வந்தது. வைரஸ் தங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கலை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய மதிப்பீடுகளும் நம்பும்படியான ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனா ஒரு டெஸ்ட் ஒரு மெஷினில் மட்டும் பாஸ் ஆனா, அதை நம்பி ரிலீஸ் பண்ண மாட்டோம்.

அப்போ எங்க தாத்தாவுக்குக் குணமாச்சேன்னு கேட்பீங்க. தண்ணியில் வருகிற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் சரியாகிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். ஹெபடைடிஸ் பி-யிலும் மஞ்சள் நிறம் போகலாம், வைரஸ் உள்ளேயே இருக்கும். கண் வெள்ளையாயிடுச்சு, நோய் போயிடுச்சுன்னு நினைச்சு டெஸ்ட் எடுக்காம விடுறதுதான் ஆபத்து. தம்பியிடம் கேட்டேன். அவன் அப்பாவுக்கு இருபது வருஷத்துக்கு முன்னாடி காமாலை வந்திருக்கு. மூணு நாள் மருந்து குடிச்சிருக்கார். அதோட சரி.

மருந்து இருக்கா?

செல் பிரிவைத் தூண்டுகிற சிடிகே-யை நேராக அடைக்கிற மாத்திரைகள் இருக்கு. பால்போசிக்ளிப் மாதிரி. மார்பகப் புற்றுநோய்க்கு 2015 முதல் பயன்படுகின்றன. கல்லீரலில் இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரலை. கல்லீரலுக்கு முதலில் வந்த மாத்திரை சோராஃபெனிப். வெளியிலிருந்து வருகிற 'வளரு' என்ற சேதியை வழியிலேயே மறிப்பது. பெரிய சோதனையில் அது கொடுத்த ஆயுள், நடுமதிப்பில் 7.9 மாசத்திலிருந்து 10.7 மாசம். மூணு மாசம்கூட இல்லை. அதுக்கு அப்போ மாசம் 2,80,000 ரூபாய் விலை இருந்தது. 2012-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகம், வேறொரு கம்பெனி இதை 8,800 ரூபாய்க்குத் தயாரிக்கலாம்னு கட்டாய உரிமம் கொடுத்தது. மேல்முறையீடு சென்னைக்கு வந்தது. 2013-ல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான தீர்ப்பாயம் அந்த உரிமத்தை உறுதி செய்தது. இப்போ எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்பும் ஊசிகள் வந்திருக்கு, அதைவிட நல்ல பலன். ஆனாலும் கட்டி சின்னதாக இருக்கும்போது கண்டுபிடிச்சு வெட்டி எடுக்கிறதுக்கு இணையா எதுவும் இல்லை.

தடுப்பூசி கதைதான் நல்ல செய்தி. தைவான் 1984-ல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பிச்சது. 6 முதல் 14 வயசுக் குழந்தைகளில் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-லிருந்து பத்து வருஷத்துக்குள் 0.36 ஆனது. சரிபாதி. ஒரு புற்றுநோயை ஊசி போட்டுக் குறைக்க முடியும்னு உலகம் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். நம்ம நாட்டில் 2011-ல் இது தேசிய அட்டவணையில் எல்லா மாநிலத்துக்கும் வந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ். அந்த 24 மணி நேரம் ரொம்ப முக்கியம், வீட்டில் பிரசவ தேதி குறிச்சிருக்கிறவங்க இதை மட்டுமாவது எழுதி வச்சுக்கோங்க.

தம்பிக்கு நான் சொன்னது

முதல்ல, அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கான்னு ரிப்போர்ட்டில் பாரு. இருந்தது. டாக்டர் எழுதியிருக்கார், வீட்டில் யாரும் அந்த வரியைப் படிக்கலை. எல்லாரும் 'மரபணு' என்ற வார்த்தையிலேயே நின்னுட்டாங்க.

அப்புறம், வீட்டில் எல்லாரும் ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் எடுங்க. சாதாரண ரத்தப் பரிசோதனை. அப்பா கூடப் பிறந்தவங்களும் எடுக்கணும், அவங்கதான் முக்கியம். இல்லைன்னு வந்தவங்க தடுப்பூசி போட்டுக்கலாம், மூணு டோஸ். இருக்குன்னு வந்தா பயப்பட வேண்டாம். 2018 முதல் இருக்கிற தேசிய திட்டத்தில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, அதை டாக்டர் சொல்லுவார். தேவைப்படுறவங்களுக்கு வைரஸை அடக்கி வைக்கும், செல் பிரிகிற வேகமும் குறையும். ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க, அதைத் தவறவிடக்கூடாது. கூட உட்கார்ந்து சாப்பிடுறதாலயோ, ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கிறதாலயோ, தொடுறதாலயோ இது வராது. அப்பாவுக்குத் தனித் தட்டு வச்சிருந்தாங்களாம். அதை எடுத்துடச் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்றது? தங்கச்சியோட டெஸ்ட் ரிசல்ட்டை வச்சுக்கிட்டுப் பேசுன்னு சொன்னேன். அவளுக்கு இருந்தாலும்கூட, மாப்பிள்ளை தடுப்பூசி போட்டுக்கிட்டாப் போதும், கல்யாணத்துக்குத் தடையில்லை.

நேத்து ராத்திரி மெசேஜ் வந்தது. அவனுக்கும் தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் இல்லை. மூணு பேரும் முதல் ஊசி போட்டாச்சு. போளூரில் கட்டிக் கொடுத்த அத்தைக்கு இருக்கு. ஐம்பத்திரண்டு வயசு, ஒரு நாளும் காமாலை வந்ததில்லையாம். முதலில் டெஸ்டுக்கு வரமாட்டேன்னு சண்டை போட்டவங்க. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. அடுத்த ஸ்கேன் ஆறு மாசம் கழிச்சு. தேதியை அத்தை பையன் போனில் அலாரம் வச்சிருக்கானாம்.

அப்பாவுக்கு சிகிச்சை போய்க்கிட்டிருக்கு. தறி இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. பாதிப் பாவு அப்படியே இருக்குன்னு சொன்னான்.

உங்க கேள்விகளை எப்பவும் போல வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.